கிராமத்தில் தொழில் நடத்துகிறீர்களா? அரசுச் செலவில் ஆட்களைப் பழக்கும் முழு வழி

கிராமத்தில் சின்ன யூனிட் வைத்திருப்பவரிடம் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். முதலில் கடன் கிடைக்கவில்லை என்பார், அப்புறம் கரண்ட் பில், கொஞ்ச நேரம் பேசவிட்டால் கடைசியில் "ஆள் இல்லைங்க, இருக்கிற ஆளுக்கும் வேலை தெரியலை" என்பதில்தான் வந்து நிற்பார். ஊரில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், யூனிட்டில் மெஷின் சும்மா இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது மூன்று மாதப் பயிற்சி. அந்த மூன்று மாதச் செலவை அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று ஒன்றல்ல, ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையில், ஒவ்வொரு அலுவலகத்தில் சிதறிக் கிடப்பதால் பாதிப் பேர் பெயரைக் கேட்டதோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்கான அரசுப் பணம் பெரும்பாலும் முதலாளி கைக்கு வராது. பயிற்சி நிலையத்துக்குப் போகும், அல்லது பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்குப் போகும், அல்லது பயிற்சி முடித்தவர் வாங்கும் கடனில் மானியமாகக் கழியும். உங்களுக்கு வருவது வேலை தெரிந்த ஆள், அவரைப் பழக்கும் காலத்தில் குறையும் செலவு, அதை வைத்து எடுக்கும் கடனில் கிடைக்கும் சலுகை. "எனக்கு எவ்வளவு வரும்" என்ற கேள்வியோடு அலுவலகத்துக்குள் நுழைந்தால் பதில் கிடைக்காது, "எனக்கு இந்த வேலைக்கு இத்தனை பேர் வேண்டும்" என்று போனால் கிடைக்கும்.

படி 1: எந்த வேலைக்கு ஆள் என்று தாளில் எழுதுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் தவறான திட்டத்தில் போய் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஓர் உதாரணத்தையே கடைசி வரை எடுத்துக்கொண்டு போவோம். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு மெஷின் போட்டு, திருப்பூரிலிருந்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் யூனிட் என்று வையுங்கள். அவருக்கு டெய்லர் வேண்டும். "டெய்லர் பயிற்சி" என்று கேட்டுக்கொண்டு போனால், பிளவுஸ், சுடிதார் அளவெடுத்து வெட்டித் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் முப்பது நாள் வகுப்பைக் காட்டுவார்கள். அது வீட்டிலோ கடையிலோ சொந்தமாகத் தைப்பவருக்கான நல்ல பயிற்சிதான். ஆனால் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வேண்டியது பவர் மெஷினில் ஓவர்லாக், பிளாட்லாக் ஓட்டத் தெரிந்த கை, ஒரே ஆபரேஷனை நாள் முழுக்கச் சீராக அடிக்கும் வேகம். இரண்டும் வேறு வேறு பயிற்சி, வேறு வேறு திட்டம்.

அதனால் தாளில் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: புதிதாக ஆள் எடுத்துப் பழக்க வேண்டுமா, ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு அடுத்தகட்ட வேலை கற்றுத்தர வேண்டுமா, இல்லை நீங்களே ஒரு புதுத் தொழில் கற்றுக்கொண்டு தொடங்கப் போகிறீர்களா? மூன்றில் எது உங்கள் தேவை என்று தெரிந்தால் போக வேண்டிய வாசல் தானாகத் தெரிந்துவிடும்.

படி 2: உத்யம் பதிவும் ஆதார் சிக்கல்களும்

உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, அது இல்லாவிட்டால் இன்றே செய்துவிடுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும், அதில் விழுந்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள், அங்கேயே பதிந்து தருவார்கள்.

பயிற்சிக்கு அனுப்பும் ஆட்களின் ஆவணங்களில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், கல்யாணமான பெண்களுக்கு ரேஷன் கார்டில் கணவர் பெயர் வந்திருக்கும், கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். பயிற்சியில் சேரும் முன்பே ஆதாரும் பாஸ்புக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி திருத்திவிடுங்கள். இன்னொன்று ஆதார் சீடிங். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் கணக்காக அதை இணைப்பது வேறு. இரண்டு மூன்று வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்றே தெரியாது, உதவித்தொகை எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

நூறு நாள் வேலை அட்டை, மகளிர் குழு உறுப்பினர் விவரம், சாதிச் சான்று, கடைசியாகப் படித்த வகுப்பின் சான்று ஆகியவற்றை நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். குடும்பத்தில் ஒருவர் மகளிர் குழுவில் இருந்தாலே சில திட்டங்களில் பிள்ளைகளுக்குத் தகுதி வந்துவிடும்.

படி 3: சொந்தத் தொழிலுக்கு ஆர்செட்டி

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்பதைத்தான் எல்லோரும் ஆர்செட்டி என்கிறோம். கர்நாடகாவில் தட்சிண கன்னட மாவட்டம் உஜிரேயில் 1982ல் தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையம் இதன் வேர். அது நன்றாக நடந்ததைப் பார்த்து, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது. மாவட்டத்தில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி நடத்தும். தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா, ஸ்டேட் வங்கி ஆகியவை நடத்துகின்றன.

பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், தங்குமிடம் இலவசம். ஆடு, மாடு, காளான் வளர்ப்பு போன்றவை பத்து நாள் அளவில் முடியும். டூவீலர் மெக்கானிக், செல்போன் ரிப்பேர், தையல் எல்லாம் ஒரு மாதம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு வெகுகாலம் 45 ஆக இருந்தது, அதைத் தாண்டியவர்கள் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இடங்களில் பெரும்பகுதி வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள ஊரகக் குடும்பங்களுக்குத்தான்.

இங்கே வெறும் தொழில் மட்டும் சொல்லித்தருவதில்லை, அதனால்தான் இதற்கு நான் முதலிடம் தருகிறேன். காலையில் வகுப்பு தொடங்கும்போது நேற்று என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒவ்வொருவராக எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டி நாலு பேர் முன்னால் பேசியறியாத பெண்கள் முதல் நாள் பெயரைச் சொல்லவே தடுமாறுவார்கள், வாரம் ஓடியபின் கணக்கோடு பேசுவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. எத்தனை கட்டை அடுக்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் இருவர் வழிகாட்டுவார்கள். தன் திறமைக்கு மேல் சொன்னவரும் கீழே சொன்னவரும் அங்கேயே வெளிப்பட்டுவிடுவார்கள். கடன் எவ்வளவு கேட்பது என்ற பாடம் அந்தக் கட்டைகளில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. அப்புறம் ஒரு நாள் கடைவீதிக்கு அனுப்பி, யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், யார் கடனுக்குக் கொடுக்கிறார்கள், எந்தச் சரக்குக்கு கிராக்கி என்று விசாரித்து வரச் சொல்வார்கள். அதை வைத்துத்தான் திட்ட அறிக்கை போடுவது.

இன்னொரு முக்கியமான விஷயம், ஆர்செட்டி இயக்குநர் ஒரு வங்கி அதிகாரி. உங்கள் ஊர் மேலாளருக்கு அவர் ஒரு போன் போட்டுப் பேசுவதற்கும் நீங்கள் தனியாகப் போய் நிற்பதற்கும் இருக்கும் வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி முடிந்து இரண்டு வருடம் வரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. அந்த விதி உங்கள் உரிமை, பயிற்சி முடிந்ததும் போன் எண்ணை அழித்துவிடாதீர்கள், கடன் நிற்கும்போது அவரிடமே போய் நில்லுங்கள்.

ஊரில் ஒரே தொழிலில் ஆர்வமுள்ள முப்பது பேரைச் சேர்த்துவிட்டால், பயிற்சியை உங்கள் ஊருக்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம், வளாகத்துக்கு வெளியே வகுப்பு நடத்த இடமுண்டு. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மாடு பால் கறக்க வேண்டியவர்கள் தங்கிப் படிக்க முடியாது என்பதால் கிராமத்துக்கு இதுதான் தோது. ஆண்டு தொடங்கும் முன்பே அவர்கள் எந்த மாதம் எந்தப் பயிற்சி என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலமாக எழுத்தில் கோரிக்கை கொடுத்துவிடுங்கள். பெயர், வயது, போன் எண் போட்ட பட்டியலோடு வரும் கோரிக்கையைத் தள்ளிவைப்பது கஷ்டம்.

படி 4: புது ஆள் வேண்டுமென்றால் மகளிர் திட்ட அலுவலகம்

ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மகளிர் திட்டம் என்று போர்டு இருக்கும். பெயரைப் பார்த்து ஆண்களுக்கு அங்கே வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்துவது இவர்கள் வழியாகத்தான். 2014 செப்டம்பரில் தொடங்கியது, செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம். 15 முதல் 35 வயது வரையுள்ள ஏழை ஊரகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பெண்களுக்கு 45 வரை. மூன்று மாதம் தொடங்கி ஒரு வருடம் வரை போகும் பயிற்சிகள், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் சேர்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் போகிறது.

முதலாளிகள் கவனிக்க வேண்டியது அந்த நிபந்தனையைத்தான். பயிற்சி நிறுவனத்துக்கு ஆளை வேலையில் சேர்க்க இடம் வேண்டும், உங்களுக்கு ஆள் வேண்டும். நீங்களே போய் "எனக்கு ஆறு பேர் வேண்டும், இந்த வேலை, இந்தச் சம்பளம், பஸ் வசதி இப்படி" என்று சொன்னால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. ஆனால் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இங்கே செல்லாது. வேலையில் சேர்ந்ததற்கு அவர்கள் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கில் ஏறிய ஆதாரமும் மாதாமாதம் காட்ட வேண்டும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால் கணக்கில் வராது. சம்பளத்தை வங்கி வழியாகப் போடத் தொடங்கிவிட்டால் இந்த ஒரு கதவு மட்டுமல்ல, பின்னால் வரும் கடன் விண்ணப்பத்திலும் அது கைகொடுக்கும்.

இளைஞர் திறன் திருவிழா என்று வட்டார அளவில் நடத்துவார்கள், ஆள் சேர்ப்பதற்கான முகாம் அது. தேதி தெரிந்தவுடன் அங்கே போய் உங்கள் யூனிட் பெயரில் ஒரு மேசை கேளுங்கள். கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஊரில் வேலை தேடும் பிள்ளைகளின் அம்மா அப்பா ஒரே இடத்தில் கூடும் நாள் அது. நம்ம ஊர் யூனிட்டுக்கே பயிற்சி கொடுத்து எடுக்கிறோம் என்று அங்கே நேராகச் சொன்னால், பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகள் முதலில் வரும்.

நமது தாராபுரம் யூனிட்டுக்காரருக்கு இன்னொரு வழி சமர்த் திட்டம். மத்திய ஜவுளித்துறையின் பயிற்சித் திட்டம் இது, பவர் மெஷின் ஆபரேட்டர் போன்ற மில், கார்மென்ட் வேலைகளுக்கென்றே இருப்பது. சொந்தத் தொழிற்சாலை உள்ள நிறுவனங்களே பயிற்சி நடத்தும் அனுமதி வாங்கலாம், ஆனால் கைரேகை வருகைப்பதிவு, பயிற்சிக்கூடம், தணிக்கை என்று நிபந்தனைகள் உண்டு, பன்னிரண்டு மெஷின்காரருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் செய்ய வேண்டியது அருகில் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருக்கும் நிறுவனத்திடமோ தன் தொழில் சங்கத்திடமோ பேசி, தன் ஊர்ப் பெண்களை அந்த வகுப்பில் சேர்த்து, முடிந்ததும் தன் யூனிட்டில் எடுத்துக்கொள்வது. இதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் பயிற்சி முடிந்த ஆட்கள் அந்தப் பெரிய நிறுவனத்திலேயே தங்கிவிடுவார்கள்.

படி 5: உங்கள் பட்டறையிலேயே பழக்கத் தொழிற்பழகுநர் பயிற்சி

சின்ன முதலாளிகளுக்கு மிக நேரடியாகப் பணம் மிச்சமாகும் வழி இதுதான், கிராமத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். அப்ரண்டிஸ் என்றாலே ரயில்வே, பெல் மாதிரியான பெரிய இடம் என்று ஓர் எண்ணம் நமக்கு ஊறிவிட்டது. 1961ன் தொழிற்பழகுநர் சட்டப்படி இப்போதுள்ள நிலை இதுதான்: 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், 4 முதல் 29 பேர் உள்ள இடத்தில் விருப்பப்பட்டால் எடுக்கலாம். லேத் பட்டறை, வெல்டிங் ஷாப், ரைஸ் மில், பேக்கரி, டூவீலர் சர்வீஸ் என்று நாலு பேர் இருக்கும் எந்த இடமும் இதில் வரலாம்.

2016ல் கொண்டுவந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு பழகுநரின் மாத உதவித்தொகையில் 25 சதவீதத்தை ஏற்கிறது, ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 8,000 ரூபாய் என்று பேசியிருந்தால் 25 சதவீதம் 2,000 வரும், ஆனால் வரம்பு 1,500 என்பதால் அரசு தருவது 1,500, நீங்கள் தருவது 6,500. ஒரு வருடத்துக்கு ஒருவருக்கு 18,000, இரண்டு பேர் என்றால் 36,000. அரசின் பங்கு நேராகப் பழகுநர் கணக்குக்கே போய்விடும், முன்னால் சொன்ன ஆதார் சீடிங் இங்கேதான் உதைக்கும். பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்பதால் அவருக்குப் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டிய கடமை வராது. ஆனால் வேலை நேரத்தில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையதுதான், சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. புதிதாகப் பழகும் பையன் கை நடுங்கிக்கொண்டுதான் மெஷின் முன்னால் நிற்பான். பெல்ட்டுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ, இவை இல்லாமல் ஒரு நாள் கூட நிற்கவிடாதீர்கள். விபத்துக் காப்பீடு ஒன்று தனியாகப் போட்டுவிடுங்கள், பெரிய தொகையில்லை.

எப்படித் தொடங்குவது? அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் உங்கள் நிறுவனத்தைப் பதிய வேண்டும். எந்தப் பிரிவு, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று போட வேண்டும், ஆறு மாதத்தில் இருந்து மூன்று வருடம் வரை இருக்கலாம். ஆளோடு ஒப்பந்தம் போட்டு அதையும் அதே தளத்தில் பதிய வேண்டும், அதுதான் பலர் விட்டுவிடும் இடம். ஒப்பந்தம் பதியாமல் "என் கடைப் பையன் அப்ரண்டிஸ்தான்" என்றால் அவர் சட்டத்தின் கண்ணில் சாதாரணத் தொழிலாளி, முழுக் கூலி கொடுக்க வேண்டியவர். படிப்புக்குத் தகுந்த குறைந்தபட்ச உதவித்தொகை எவ்வளவு என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போட்டால் ஒப்பந்தம் ஏறாது. மாதாமாதம் உங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு அந்த விவரத்தைப் பதிய வேண்டும், பதியாத மாதத்துக்கு அரசின் பங்கு வராது.

கம்ப்யூட்டர் பக்கம் போகவே தயக்கமாக இருந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போங்கள். அங்குள்ள உதவி இயக்குநர் அலுவலகம் பதிவு செய்ய உதவும். தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் நடத்துவதும் அவர்கள்தான், பக்கத்து ஐடிஐயில் படித்து முடித்த பிள்ளைகளை அங்கேயே பார்த்துப் பேசி எடுக்கலாம்.

பழகியதும் ஓடிவிடுவான் என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு. நியாயமான பயம்தான், ஆனால் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை நிறுத்தப் பார்க்காதீர்கள், அது தவறு, பலிக்கவும் பலிக்காது. சேரும் நாளிலேயே ஆறாம் மாதம் இவ்வளவு, பன்னிரண்டாம் மாதம் இவ்வளவு, முடிந்து தங்கினால் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிராமத்து யூனிட்டுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்பது. டவுனில் ரூம் வாடகை, மெஸ், பஸ் எல்லாம் போக மிஞ்சுவதை உட்கார்ந்து அவரோடு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

படி 6: உங்கள் தொழிலுக்கென்று தனி வாசல் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆடு, கோழி, மாடு என்றால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்கள். காய்கறி, காளான், தேனீ என்றால் வேளாண் அறிவியல் நிலையம். தென்னைநார் என்றால் கயிறு வாரியம், பெண்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ தனியாக இலவசப் பயிற்சிகள் நடத்துகிறது, நாளிதழ்களில் சின்னக் கட்டமாகத்தான் அறிவிப்பு வரும், மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் போன் எண் கொடுத்து வையுங்கள்.

ஊறுகாய், மசாலா, முறுக்கு, சிறுதானியத் தின்பண்டம் என்று உணவுப் பொருள் தயாரிப்பவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் 2020ல் வந்தது. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். குழுப் பெண்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் உண்டு, பயிற்சியும் இதிலேயே இருக்கிறது. இதில் மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். திட்ட அறிக்கை போடுவது, வங்கியில் பேசுவது, உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்க உதவுவது எல்லாம் அவர் வேலை, அதற்கான ஊதியத்தை அரசே அவருக்குத் தருகிறது. ஆகவே யாராவது அறிக்கை போட்டுத்தர உங்களிடம் சதவீதம் கேட்டால் கொடுக்காதீர்கள், மாவட்டத் தொழில் மையத்தில் வள நபரின் பெயரைக் கேளுங்கள். தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தலுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, கட்டணம் கட்டிப் போனாலும் அங்கே ஒன்றிரண்டு நாள் பயிற்சி எடுப்பது தகும். பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்தக் கவரில் போட வேண்டும் என்று மெஷின் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

கைவினை செய்பவர்களுக்கு மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் பரம்பரைத் தொழில் என்ற அடிப்படையில் இருப்பதை ஏற்காமல் தமிழ்நாடு தனியாகக் கொண்டுவந்தது, யார் வேண்டுமானாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், 35 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் 5 சதவீதம் வரை சலுகை, கூடவே திறன் பயிற்சி. மண்பாண்டம், மரவேலை, கூடை பின்னுதல் செய்யும் வீடுகளில் இதைச் சொல்லுங்கள், பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

வாழ்ந்து காட்டுவோம் திட்டம் உலக வங்கி நிதியுதவியோடு 31 மாவட்டங்களில் 120 வட்டாரங்களில் நடந்தது. அதில் எனக்கு மிகப் பிடித்தது சமுதாயத் திறன் பள்ளி. ஊரில் வேலை நன்றாகத் தெரிந்த கொத்தனாரோ மெக்கானிக்கோ தையல்காரரோ அவர் இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அப்படிப் பழகிய ஆட்கள் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்களா என்று கூட்டமைப்பில் விசாரியுங்கள், ஆள் தேடும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

படி 7: பயிற்சியிலிருந்து கடனுக்கு

பயிற்சி சான்றிதழை பீரோவில் வைத்தால் அது தாள், வங்கியில் வைத்தால் அது பலம். மெஷின் கொட்டேஷன், ஆர்டர் கடிதம், பயிற்சிச் சான்று மூன்றையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை என்பது 2022ல் உயர்த்திய வரம்பு. கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், எஸ்சி, எஸ்டி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் மானியம். புதுத் தொழிலுக்குத்தான், ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டுக்கு அல்ல. மானியம் கையில் வராது, மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நின்று அப்புறம்தான் கடனில் கழியும். அதனால் முழுக் கடனுக்கும் தவணை கட்டும் அளவுக்கு யூனிட் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயமாகும் தொகைக்கு நீங்கள் போனால், ஆர்செட்டியில் முடித்த சான்றை முதலிலேயே காட்டி அது போதுமா என்று கேட்டுவிடுங்கள்.

மாநில அரசின் நீட்ஸ் திட்டம் கொஞ்சம் பெரிய ஆட்களுக்கு. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. எல்லாத் திட்டத்துக்கும் நிதியாண்டுக் கணக்கு இருப்பதால், ஏப்ரல், மே மாதங்களில் ஒதுக்கீடு வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கும், இலக்கு முடிக்க வேண்டிய ஜனவரி முதல் மார்ச் வரை அதே மேசையில் கோப்பு வேகமாக ஓடும். உங்கள் தாள்கள் டிசம்பருக்குள் தயாராக இருக்கட்டும். புதிய நிதியாண்டில் வரம்புகள் மாறலாம், விண்ணப்பிக்கும் மாதத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு விதியைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

படி 8: இழுத்தடித்தால்

எந்த அலுவலகத்திலும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் சீல் போட்டு வாங்குங்கள். வங்கி விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுத்தில் வந்தால் முன்னோடி வங்கி மேலாளரிடம் எடுத்துப் போகலாம், மாவட்டம் முழுக்க வங்கிகளின் இலக்கைப் பார்ப்பவர் அவர். அதிலும் நகரவில்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவில் விண்ணப்ப எண், தேதி, எந்த அலுவலகம், என்ன பதில் சொன்னார்கள் என்று நாலே வரியில் எழுதி, சீல் போட்ட நகலை இணைத்துக் கொடுங்கள். மனுவுக்கு ஓர் எண் தருவார்கள், அந்த எண்ணுக்குத் துறை பதில் சொல்லியாக வேண்டும். பயிற்சி நிலையம் உங்கள் ஊர் ஆட்களின் பெயரில் போலி வருகை போட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தாலோ, வராத உதவித்தொகை கொடுத்ததாகக் காட்டப்பட்டிருந்தாலோ, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்த மாதம், இந்த மையத்தில், இந்தப் பயிற்சியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு தரப்பட்டது, எத்தனை பேர் வேலையில் சேர்க்கப்பட்டார்கள்.